இத்தாலிய மொழி வழியாக லத்தீன்?

இத்தாலிய மொழி தெரிந்தால் லத்தீன் பாதி வந்துவிடும் என்கிறார்கள். நானும் நம்பியவன்தான். சொற்கள் வரும், சரி. வாக்கியம்? 'பெத்ரும் விதெத் பவுலுஸ்' என்ற லத்தீனைப் பாருங்கள். மூன்று சொல்லும் இத்தாலியருக்குப் பழகிய முகம்தான். 'பேதுரு பவுலைப் பார்க்கிறான்' என்றே வாசிக்கத் தோன்றும். அவர் மொழியில் எழுவாயைக் காட்டுவது பெரும்பாலும் சொல்வரிசை. ஆனால் லத்தீனில் பார்ப்பவன் பவுல். 'பெத்ரும்' என்பதிலுள்ள 'உம்' (நம் எண்ணும்மை அல்ல) 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. பெயர்ச்சொல்லில் இந்த வேற்றுமை உருபுகளை இத்தாலிய மொழி எப்போதோ உதறிவிட்டது. லத்தீனில் ஒரு சொல்லும் தெரியாத தமிழனுக்கு இந்த இடம் மட்டும் சட்டென்று பிடிபடும் என்பது வேடிக்கை. பழகிய சொல்லும் கவிழ்த்துவிடும்: 'காசா' இத்தாலியருக்கு வீடு, லத்தீனில் குடிசை. 2013 பிப்ரவரியில் போப் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகலை லத்தீனில் சொன்னபோது செய்தியை முந்தித் தந்த இத்தாலியப் பெண் நிருபர், லத்தீனைப் படித்தே தெரிந்துகொண்டவர்.