துப்பறிவாளரே திருடன்!
போன் மணி அடிக்கிறது. "கான்ஸ்டான்டிநோபிள்!" என்று ஒரே வார்த்தை. அவ்வளவுதான்! ஆசாமி மயங்கிய நிலையில் எழுந்து போய், பங்களாவில் உள்ள நகைகளை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். விடிந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது!

உட்டி ஆலன் எழுதி, இயக்கி, நடித்து 2001-ல் வெளிவந்த "தி கர்ஸ் ஆப் தி ஜேட் ஸ்கார்ப்பியன்" படத்தின் தமாஷ் இது. கதை நடப்பது 1940-ல், நியூயார்க்கில்.

பிறந்தநாள் விருந்து

பிரிக்ஸ் (உட்டி ஆலன்) இன்சூரன்ஸ் கம்பெனி துப்பறிவாளர். பலே கில்லாடி. சக ஊழியரின் பிறந்தநாளைக் கொண்டாட இரவு விடுதிக்குப் போனார். அங்கே வோல்டன் என்ற மனோவசியக்காரன் அவரை மேடையேற்றி மயக்கினான். பிடித்தது சனி!

வேலியே மேய்ந்தது

பிரிக்ஸ் கொள்ளையடித்தது, அவரே பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொடுத்த பங்களாக்களில்! மறுநாள் துப்பறியப் போவதும் அவரே. தடயமெல்லாம் அவரையே காட்ட, வேலைக்கும் ஆபத்து, ஜெயிலும் காத்திருக்கிறது.

கீரியும் பாம்பும்

ஆபீசில் அவருக்குப் பரம எதிரி பெட்டி ஆன் (ஹெலன் ஹன்ட்). "மடகாஸ்கர்" என்றால் இந்த அம்மாளும் மயங்கிவிடுவார். முழித்திருந்தால் சண்டை, மயக்கத்தில் ஒரே கொஞ்சல்!

இந்த வேடத்தில் தான் நடித்தது தப்பு என்று ஆலனே பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஆனாலும், ஊரார் திருட்டையெல்லாம் பிடித்த மனுஷன் தன்னையே தேடி அலைவது நல்ல வேடிக்கைதான்!