திரைமறைவில் ஒரு கொல்லைக் குட்டை

வந்துவிட்டீர்களா? டார்ச் வெளிச்சத்தைத் தரையோடு தாழ்த்திப் பிடியுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். இது பாம்புகளுக்கும் வேட்டை நேரம். வாழைகளைத் தாண்டினால் பூவரசு, பூவரசைத் தாண்டினால் குட்டை. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம், பழைய ஓட்டு வீடு, கொல்லைக் கடைசியில் ஒரு பள்ளம். பகலில் வருகிறவர்கள் கண்ணுக்குப் படுவதெல்லாம் கொஞ்சம் பாசி, நாலைந்து அல்லி, கரையில் கோரை, ஒற்றைக்காலில் ஒரு மடையான். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கத் திரும்பிவிடுவார்கள். எனக்குத் தாங்காது! கூத்தில் வேஷம் கட்டுகிற இடத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்த பிள்ளைக்குத்தான் தெரியும், மேடையைவிட அங்கே எவ்வளவு நடக்கிறதென்று. குட்டைக்கும் அப்படி ஓர் உள்ளறை உண்டு: தண்ணீருக்கு அடியில், கோரைத் தண்டில், இலையின் பின்புறத்தில், ராத்திரியில்.

இன்றைக்கு ஐப்பசியின் முதல் அடைமழை பெய்து ஓய்ந்திருக்கிறது. நேரம் தப்பாமல் வந்தீர்கள். கேளுங்கள்!

அந்தக் கனத்த, நெஞ்சில் அதிர்கிற குரல் பெருந்தவளையுடையது. வருஷம் முழுக்கச் சேற்றுப் பச்சையில் கண்ணுக்குத் தப்பித் திரிகிற ஆண் தவளை, பெருமழை வந்ததும் சில நாட்களுக்குப் பளீரென்று எலுமிச்சை மஞ்சளாகிவிடும். தொண்டைக்கு இரண்டு பக்கமும் குரல்பைகள், நல்ல நீலத்தில். அதோ ஊதுகிறது! மஞ்சள் உடம்பு, நீலப் பை, டார்ச் வெளிச்சத்தில் கறுத்த தண்ணீர். இப்படி ஒரு நிறச்சேர்க்கையை நம் குட்டையில் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? ஒரு காலத்தில் இந்தத் தவளைகளின் பின்னங்கால்களை நாம் கப்பலில் ஏற்றி விற்றுக்கொண்டிருந்தோம். 1987இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. மஞ்சளும் நீலமும் கண்ணில் படும்போதெல்லாம் அந்தத் தடைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

கீச்சென்று அறுக்கிற இன்னொரு குரல் கேட்கிறதா? புல்லை விலக்குங்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குட்டித் தவளை. இவ்வளவு சத்தமும் அந்த உடம்பிலிருந்துதான்! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெடத்தான் செய்கிறது, கச்சேரி நடக்கிற கரையில் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் சுற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் கத்தாமல் இருந்தால் பெண் தவளை தேடி வராது. உயிரைப் பணயம் வைத்துத்தான் ஒவ்வொன்றும் வாயைத் திறக்கிறது.

இப்போது மேலே, பூவரசின் தாழ்ந்த கிளை. தண்ணீருக்கு நேர் மேலே இலையில் வெள்ளையாக நுரை தொங்குகிறதே, அது மரத்தவளையின் பிள்ளைப்பேற்று அறை. தாய் தன் உடம்பிலிருந்து சுரக்கும் கூழைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்புறம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் காயாது. சில நாள் கழித்து அடியில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும். கீழே ஏன் முட்டையிடவில்லை என்று கேட்கிறீர்களா? கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிறேன்.

அதற்கு ஒரு டீ வடிகட்டியும் வெள்ளைப் பீங்கான் தட்டும் போதும். பாசி ஓரத்தில் ஒரு வாரு வாரித் தட்டில் கவிழ்த்தால், முதலில் எல்லாம் குப்பையாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் குப்பை நடக்கும்! கறுப்பாக மொய்ப்பவை தேரைக் குஞ்சுகள். அவற்றின் முட்டை நீளமான ஜவ்வுச் சரங்களில் வந்தது. உடம்பே கண்ணாடியாக, உள்ளே குடல் தெரிய நிற்கிறதே, அது சற்றுமுன் கத்திய குட்டித் தவளையின் பிள்ளை. பெருந்தவளையின் தலைப்பிரட்டைக்கோ மாமிச நாக்கு. மற்ற தலைப்பிரட்டைகளை வேட்டையாடும்.

தட்டின் ஓரத்தில் பழுப்பாக, தட்டையாக ஒரு பூச்சி. முதுகில் மணிமணியாக முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. தாய் என்றுதானே நினைத்தீர்கள்? தகப்பன்! பெண் பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும் வரை அவன்தான் சுமக்க வேண்டும். அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்டுவான், கால்களால் தடவித் தண்ணீர் ஓடவிடுவான். அவனிடமிருந்து பிரிந்தால் முட்டைகள் பிழைக்காது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதைக் காட்டியபோது அவன் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அத்த, இவரு வேலைக்கே போவமாட்டாரா?" என்றான். வேலைதானடா தங்கம் இது என்றேன்.

தட்டில் கிடக்கும் பாசியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேரே இல்லாமல் மிதக்கிற, மஞ்சள் பூப் பூக்கிற இந்தச் செடியின் இழைகளில் கடுகை விடச் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றும் ஒரு பொறி. வாசலில் இருக்கும் மயிரை ஏதாவது நீர்ப்பூச்சி தொட்டால் போதும், கதவு திறந்து, தண்ணீரோடு பூச்சியை உறிஞ்சி, மூடிக்கொள்ளும். உள்ளே இழுக்க ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செடிகள் அசையாது என்று யார் சொன்னது?

ஆனால் இந்த உள்ளறையில் என்னைப் பைத்தியமாக அடிப்பது ஒருவர்தான். அவரைப் பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம், ஆடிக்கு.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால், காவிரி வாய்க்காலுக்கு வாய்க்கால் இறங்கி எங்கள் கொல்லைக்கு ஆடிவாக்கில் வந்து சேரும். டெல்டாக் குட்டைக்கு ஆண்டில் இரண்டு பிறப்பு: ஆடியில் ஆற்றுத் தண்ணீர், ஐப்பசியில் வானத்துத் தண்ணீர். புதுத்தண்ணீரோடு கெண்டை வரும், விரால் வரும். விரால் போட்ட குஞ்சுகள் செம்மஞ்சள் கூட்டமாகக் கொதித்துக்கொண்டு மேலே வர, அடியில் தாயும் தகப்பனும் காவல். ஒருநாள் வாய்க்கால் கரையிலிருந்து அதே பையனின் அலறல்: "அத்த, மீனு நடந்து போவுது அத்த!" ஓடினேன். பனையேறிக்கெண்டை! செவுள் மூடியில் இருக்கிற முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரப் புல்லில் போய்க்கொண்டிருந்தது. காற்றையே சுவாசிக்க அதன் தலைக்குள் தனி உறுப்பு உண்டு. இந்த மீனின் புகழ் உலகுக்குப் போனது எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியிலிருந்துதான். அங்கே இருந்த டேனிஷ் அதிகாரி டால்டோர்ஃப், 1791இல் ஒரு பனைமரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே இதைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. பனையில் ஏறுவதை நான் பார்த்ததில்லை. புல்லில் நடப்பதைப் பார்த்ததற்கே அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆடித் தண்ணீரில் ஒரு பொன்மஞ்சள் தட்டான் வாலை நனைத்து நனைத்து முட்டையிடும். முட்டையிலிருந்து வருவதற்கும் தட்டானுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சத்தியம் செய்வீர்கள். இறக்கை கிடையாது, சேற்று நிறம். கீழுதடு மடித்த கையாக முகத்தடியில் இருக்கும். இரை அருகில் வந்ததும் அது நீண்டு கவ்வி இழுக்கும். மூச்சு விடுவது ஆசனவாய்க்குள் இருக்கும் செவுளால். ஆபத்தென்றால், மூச்சுக்காக உள்ளே இழுத்த தண்ணீரையே பின்பக்கம் பீய்ச்சி முன்னால் பாயும். கொசுப்புழுக்களைத் தின்று தின்று, ஆறேழு வாரத்தில் வளர்ந்துவிடும். பிறகு புரட்டாசியில் ஒரு ராத்திரி, கோரைத் தண்டைப் பிடித்துத் தண்ணீரை விட்டு மேலே ஏறும்.

அந்த ராத்திரிக்காக நான் கொசுவலையைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். முதுகுத் தோல் வெடிக்கும். உள்ளேயிருந்து வெளிறிய ஓர் உடம்பு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். விழுந்துவிட்டது என்று என் கை தானாக நீளும். விழாது, எழும்பித் தன் பழைய சட்டையையே பிடித்துக்கொண்டு வாலை உருவும். கசங்கிக் கிடந்த இறக்கைகளில் ரத்தநீர் ஏற ஏற, அவை விரிந்து, கண்ணாடியாகி, விடியலில் ஒரு நடுக்கம் நடுங்கி... போய்விட்டது!

எங்கே போகிறது தெரியுமா? மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே தட்டான்கள் கூட்டம்கூட்டமாக வந்திறங்குவதைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் தரைமேல் நன்னீர் ஏறக்குறைய இல்லை. அங்கே பிறக்க வழியில்லை என்றால் எங்கிருந்து வருகின்றன? அவர் தேதிகளைக் கோத்துப் பார்த்து 2009இல் எழுதினார்: தென்னிந்தியாவிலிருந்து கிளம்பி, உயரத்தில் ஓடும் காற்றைப் பிடித்து, மாலத்தீவு, சீஷெல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு. இந்தியக் கரையிலிருந்து மாலத்தீவுக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். ஒரு கிராம்கூட எடை இல்லாத உடம்பு! அதே இனம்தான் நம் கோரையில் சட்டையை விட்டுவிட்டுப் போகிறது. அந்தச் சட்டைகளைச் சேகரித்துத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

தட்டானைப் பார்த்து நின்றதில் பறவைகளுக்கு நேரம் குறைந்துவிட்டது. ஐப்பசியில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து, சருகுக்குள் ஒன்பது நிறத்தையும் ஒளித்துவைத்துக்கொண்டு, விடியலிலும் அந்தியிலும் விசிலடிக்கும். சாம்பல் வாலாட்டி கரையில் வாலை ஆட்டும். கானாங்கோழி கறுத்த குஞ்சுகளோடு கோரைக்குள் ஓடும். மடையான் நிற்கும்போது சேறு, பறக்கும்போது முழு வெள்ளை. சிறகுக்குள் அவ்வளவு வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது என்று இன்றும் வியப்புத்தான்.

தை, மாசியில் தண்ணீர் தெளிந்துவிடும். மூலையில் தாமரை மலர்ந்தால் பனி விழும் விடியலில் எழுந்து போய்ப் பூவுக்குள் விரலை விடுங்கள். வெதுவெதுப்பு! ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து 1996இல் எழுதியிருக்கிறார்கள்: வெளியே 10 டிகிரிக்கு இறங்கினாலும் பூவுக்குள் 30 முதல் 35 டிகிரி. மகரந்தம் சுமக்கும் பூச்சிகளுக்கு ராத்திரி தங்க ஒரு சூடான அறை.

கொசு வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளூர்ச் சிறுமீனும் தட்டான் பிள்ளைகளும் இருக்கிற தண்ணீரில் கொசுப்புழு நிலைப்பது கடினம். வெளிநாட்டுக் கம்பூசியா மீனை மட்டும் தயவுசெய்து வாங்கி விடாதீர்கள். கொசுவுக்காக 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. தலைப்பிரட்டையையும் நாட்டு மீன் குஞ்சையும் சேர்த்தே தின்னும். கரையைச் சிமென்ட் பூசி மழமழவென்று ஆக்கவும் வேண்டாம். கோரை இல்லாவிட்டால் தட்டான் எதைப் பிடித்து ஏறும்?

சித்திரைக் கத்திரியில் குட்டை வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். அப்போதுதான் தூர் வாரவும் ஆள் வருவார்கள். போன சித்திரையில் வந்த பெரியவர், முதல் வெட்டில் பெயர்ந்த கட்டியை உடைத்து, உருண்டையாக ஒன்றை என் கையில் வைத்தார். நத்தை. வாசலை இறுக்கிச் சாத்திக்கொண்டு தூக்கம். "உசிரு இருக்கும்மா. அந்தண்ட ஓரமா வச்சிடறேன், மழை வந்தா தானா எந்திரிச்சிரும்" என்றார். அடுத்தடுத்த வெட்டில் இன்னும் நத்தைகள், ஒரு தவளை. பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணை விலக்க ஆரம்பித்தார். பாலாமை! சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழித்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் அடியோட்டு மடல்கள் இரண்டும் கதவாக மூடின. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், எங்கள் கொல்லைச் சேற்றில்! பையனைக் கூட்டிவர ஓடினேன். அவன் தன் கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு வந்தான். எல்லோரும் பார்த்து முடித்ததும், பெரியவர் அதை மேற்குக் கரையோரம் ஈரம் மிச்சமிருந்த சேற்றில் பழையபடி புதைத்து மூடினார். அன்றோடு எங்கள் கணக்கை மாற்றிக்கொண்டோம்: ஒரு சித்திரையில் கிழக்குப் பாதியை மட்டும் தூர் வாருவது, மேற்குப் பாதி மறுவருஷம்.