துபாஷி காஸ்பர்

சிறுவனாயிருந்தபோது தந்தையாருடன் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குச் செல்வதுண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் யாவும் அங்கே ஒலிக்கும். ஒருவர் மொழியை மற்றவர் அறியாவிடில், தரகர் ஒருவர் இடைநின்று விலையைப் பேசி முடிப்பார். "அவர் யார் பக்கம்?" என்று ஒருநாள் கேட்டேன். "தராசு முள்ளுக்குப் பக்கம் ஏதப்பா?" என்றார் தந்தையார். காஸ்பர் த காமாவின் வரலாற்றைப் படித்தபோது அவ்வினா மீண்டும் என் முன் எழுந்தது.

1498-ஆம் ஆண்டு. கள்ளிக்கோட்டையிலிருந்து திரும்பிய வாஸ்கோ ட காமா, கோவாவுக்குத் தெற்கே அஞ்சுதீவில் கப்பல்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, வெனிஸ் நகர மொழியில் இனிது உரையாடினார். அவர் யூத குலத்திற் பிறந்தவர். கோவாவை ஆண்ட முஸ்லிம் தலைவரிடம் பணிபுரிந்தவர். ஒற்றர் என ஐயுற்ற போர்ச்சுகீசியர் அவரைச் சவுக்காலடித்து உண்மையைக் கக்கச் செய்தனர். பின்னர்த் தம் நாட்டுக்கே கொண்டு சென்றனர்.

போர்ச்சுகல் 1497-இலேயே தன் யூதர்களை வலிந்து மதம் மாற்றியிருந்தது. இவரும் ஞானஸ்நானம் பெற்றார். சிறைபிடித்தவரின் குடும்பப் பெயரே இவர் பெயராயிற்று!

இத்தகையோரை ஏன் நாடினர்? கீழைக் கடல் வாணிகத்தில் அரபு மொழி பெரிதும் வழங்கியது. துறைமுகங்களையும் மன்னர்களையும் அறிந்தவர் துணையின்றி மிளகு கிட்டாது. 1492-இல் கொலம்பசும், யூதராய்ப் பிறந்து மதம் மாறிய லூயிஸ் த தோரஸ் என்பவரை அழைத்துச் சென்றார். அவர் கற்ற எபிரேயமும் அரபும் கியூபாத் தீவில் பயன்படவில்லை. 1500-இல் கப்ராலின் கப்பற்படை பிரேசிலை அடைந்தபோது, உடன்சென்ற காஸ்பருக்கும் அந்நிலையே நேர்ந்தது. மலையாளக் கரையிலோ அவர் அறிவு பொன்னாயிற்று. கள்ளிக்கோட்டையில் பூசல் மூண்டபின், கப்பல்கள் கொச்சியில் மிளகு ஏற்றித் திரும்பின. வழியில், 1501-இல், அமெரிகோ வெஸ்புச்சி இந்தியச் செய்திகளைக் காஸ்பரிடமே கேட்டறிந்தார். 1502-இலும் 1505-இலும் அவர் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அவர் சொற்களின் பின்னே பீரங்கிகளும் வந்தன. அவரைத் துரோகி என்போமா? அடித்துத் திறக்கப்பட்ட வாய் அது என்பதை மறத்தல் தகுமா? முள்ளுக்குப் பக்கமில்லை என்றார் தந்தையார், மெய்தான். ஆயின், தராசைப் பிடித்த கை யாருடையது என்றும் நாம் நோக்குதல் வேண்டும். மாணவர்களே, பல மொழி கற்பீர். அம்மொழிகளை யாருக்காகப் பேசுகின்றீர் என்பதையும் உங்களையே கேட்டுக்கொள்வீர்.