கரப்பானும் குடும்பத்தின் நித்திரையும்

குழந்தைகளுக்கு வரும் கரப்பானை, டாக்டர்கள் எக்ஸிமா என்று குறிக்கும் அந்தச் சரும வியாதியை, உயிருக்கு அபாயம் இல்லை என்ற ஒரே காரணத்தால் நாம் அற்பமாக எண்ணிவிடுகிறோம். ஆனால் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் குடியேறி, இரவானதும் அரிப்பைக் கிளப்பிவிடும் இந்த வியாதி, சொறிந்துகொண்டே விழித்திருக்கும் பிள்ளையோடு, அதன் கையைப் பிடித்தபடி விழித்திருக்கும் தாயாருடைய நித்திரையையும் பறித்துக்கொள்கிறது.

தோலில் எவ்வளவு இடம் சிவந்து தடித்திருக்கிறது என்பதையே முக்கியமாக அளந்துவந்த வைத்திய சாஸ்திரத்தில், 1995-ஆம் வருஷம் லூயிஸ்-ஜோன்ஸ், பின்லே என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள், 4 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளிடமே கேட்கத்தக்க 10 கேள்விகளை வகுத்தார்கள். போன வாரம் எவ்வளவு அரித்தது, தூக்கம் கெட்டதா, இதற்காக உடுப்பை மாற்றிக்கொண்டாயா, நீந்தப் போகாமல் இருந்தாயா, யாராவது பரிகாசம் செய்தார்களா என்று அவை விசாரிக்கின்றன. நான்கு வயதுப் பிள்ளை எழுதுமா என்று கேட்கலாம்; பெரியவர் துணையோடு சொல்லும், பிற்பாடு சித்திரங்களோடு கூடிய பிரதியும் வந்தது. பதிலைப் பிள்ளையின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று தோன்றியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

1998-இல் குடும்பத்தாருக்கென்று தனி வினாப்பட்டியல் ஒன்று பிறந்தது. சமையல், கடைக்குப் போய்வருதல், பணச்செலவு, அசதி, தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் ஆகியவையும் ஒரு சரும வியாதியின் கணக்கில் அப்போது ஏறின.

இவற்றோடு பழியும் சேர்கிறது. கரப்பான் ஒட்டுவாரொட்டி அல்ல. ஆயினும் பக்கத்தில் உட்காரத் தயங்கும் சகமாணவர்கள் உண்டு, பத்தியம் தவறியதால் வந்தது என்று தாயாரைக் குற்றஞ்சாட்டும் உறவினரும் உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் ஜீனில் பிறவியிலேயே உள்ள குறைபாடு பலருக்குத் தோலின் காப்பைப் பலவீனப்படுத்தி இந்நோய்க்கு இடங்கொடுக்கிறது என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர்கள் காட்டியது, அந்தத் தாய்மாருக்குக் கிடைத்த ஒருவித விடுதலை.

பிள்ளைகளுக்கான அந்த முதல் வினாப்பட்டியலின் பத்தாவது கேள்வி, சிகிச்சையே எவ்வளவு தொந்தரவாயிற்று என்பது. தினந்தோறும் பிசுபிசுப்பான களிம்பைத் தடவ, ஓடும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதே ஒரு வேலை. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் அஞ்சி, டாக்டர் சொன்ன அளவில் பாதியைக்கூடத் தடவாத பெற்றோரும் உண்டு. அந்தப் பயத்தைப் பொறுமையாகக் கேட்டுத் தெளிவிக்காமல் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினால், களிம்பு அலமாரியில் இருக்கும், அரிப்பு பிள்ளையிடம் இருக்கும்.