கோழிக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேண்டும்?

டிசம்பர் மாதம் வந்தால் காஷ்மீரில் கூரை, வயல், பாதை எல்லாம் பனியால் வெள்ளையாகிவிடும். அங்கே கிராமத்துப் பெண்கள் கொல்லையில் கோழி வளர்க்கிறார்கள். ஐந்து கோழி, பத்துக் கோழி இருக்கும். கோடையில் நன்றாக முட்டை இட்ட கோழிகள் குளிர்காலத்தில் நிறுத்திவிடும்.

முட்டை நிறைய விற்பதோ குளிர்காலத்தில்தான். பனி விழுந்து ஜம்மு சாலை அடைபட்டால் வெளியூர் லாரி வராது. முட்டை விலை ஏறும். அந்த நேரம் பார்த்து வீட்டுக் கோழி சும்மா இருக்கும்.

"இந்தக் குளிரில் கோழி என்ன செய்யும், பாவம்!" என்பார்கள். குளிரும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் வெளிச்சம் குறைவதுதான்.

டிசம்பரில் ஸ்ரீநகரில் காலை 7.30 மணி வாக்கில்தான் சூரியன் வரும். மாலை 5.30 மணிக்குள் மறைந்துவிடும். பகல் சுமார் 10 மணி நேரம்தான். ஜூன் மாதத்தில் அதே ஊரில் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். தமிழ்நாட்டில் இவ்வளவு வித்தியாசம் இல்லை. நாமக்கல்லில் டிசம்பரிலும் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அங்கேயும் முட்டைப் பண்ணைகளில் விளக்குப் போடுகிறார்கள்.

வெளிச்சத்துக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

கோழியின் மண்டை ஓடு மெல்லியது. அதன் வழியாகவும் வெளிச்சம் மூளைக்குப் போகிறது. கண் தெரியாத கோழிகூடப் பகல் நீள்வதை உணரும்! பகல் நீண்டால் மூளை ஒரு சுரப்பியைத் தூண்டும். அதில் சுரப்பது ரத்தத்தில் கலந்து சினைப்பைக்குப் போகும். அங்கே மஞ்சள் கரு வளரும். பகல் குறைந்தால், குஞ்சு பொரிக்க இது காலம் இல்லை என்று கோழியின் உடம்பு இருந்துவிடும். சினைப்பை சுருங்கும். இறகு உதிரும்.

முட்டைக் கோழிக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சூரியன் தராததைப் பல்பு தரலாம். சிறிய கூண்டுக்கு ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு போதும். கோழி நிற்கும் இடத்தில் இந்தப் புத்தகத்தைப் படிக்க முடிகிறதா? அந்த வெளிச்சம் போதும். மஞ்சள் வெளிச்சம் நல்லது.

பல்பை விடியுமுன் போடுவதே மேல். இரவில் போட்டுத் திடீரென்று அணைத்தால் கோழிக்குக் கண் தெரியாது. ஏறி அடையும் இடம் தெரியாமல் தரையிலேயே நிற்கும்.

ஒரே நாளில் நான்கு மணி நேரம் கூட்டக் கூடாது. வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டலாம். டிசம்பரில் தொடங்கினால் 14 மணி நேரத்தை எட்டப் பிப்ரவரி ஆகிவிடும். அதற்குள் குளிர்காலம் போய்விடுமே! அக்டோபரிலேயே தொடங்க வேண்டும்.

தொடங்கினால் நடுவில் விடக் கூடாது. இன்று போட்டு நாளை மறந்தால் கோழி மறுபடியும் முட்டையை நிறுத்திவிடும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் பேட்டரி விளக்கு வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கை வைக்கக் கூடாது. காஷ்மீரில் குளிருக்குக் 'காங்ரி' என்ற நெருப்புச் சட்டி வைத்திருப்பார்கள். அதையும் கூண்டுக்குள் வைக்கக் கூடாது. வைக்கோல் பற்றிக்கொண்டால் கோழியும் போகும், வீடும் போகும். பல்பும் ஒயரும் வைக்கோலில் படக் கூடாது.

வெளிச்சம் கொடுத்துவிட்டுத் தீனியைக் குறைத்தால் கோழி இளைத்துவிடும். முட்டை இடும் கோழிக்கு நாளுக்கு 100 கிராமுக்கு மேல் தீனி வேண்டும். ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் தூளோ வேண்டும். தண்ணீர் உறையாமல் பார்க்க வேண்டும்.

18 வாரம் ஆகாத பெட்டைக்குப் பல்பு வேண்டாம். உடம்பு முற்றுமுன் முட்டை இட்டால் முட்டை சிறுத்துப் போகும். முட்டைக்குழாய் வெளித்தள்ளிச் சாகவும் கூடும். நாட்டுக்கோழி பல்புக்காகப் பண்ணைக்கோழி ஆகிவிடாது. அடைக்கு உட்காரும் காலத்தில் அது உட்காரத்தான் செய்யும்.

பகல் நீள நீளப் பல்பு எரியும் நேரத்தைக் குறைக்கலாம். மே மாதக் கடைசியில் ஸ்ரீநகரில் பகலே 14 மணி நேரம் ஆகிவிடும். அப்போது பல்பைக் கழற்றித் துடைத்து வைக்கலாம்.