போட்ட பணம் வந்த பிறகும் டோல்கேட் கட்டணம் குறையாதா?

பண்டிகைக்குச் சொந்த ஊருக்குக் காரில் போகிறவர்கள் முன்பெல்லாம் டோல்கேட்டில் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லித்தான் புலம்புவார்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு காத்திருப்பு குறைந்தது. ஆனால், ‘ரோடு போட்ட காசு வந்த பிறகும் ஏன் வாங்குகிறார்கள்?’ என்ற கேள்வி மட்டும் குறையவில்லை.

2008-ம் ஆண்டு நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் இதற்கு ஒரு பதில் இருந்தது. முதலீடு வசூலாகிவிட்டால், கட்டணத்தை 40 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும். 2023 அக்டோபரில் செய்த திருத்தத்தில் அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது முழுக் கட்டணம்தான். அடிப்படைக் கட்டணத்தில் ஆண்டுக்கு 3 சதவிகிதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவிகிதமும் சேர்ந்து அது ஏறிக்கொண்டே போகும்.

அந்தப் பணம் எங்கே போகிறது? தனியார் முதலீட்டில் போட்ட சாலை என்றால், ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்த நிறுவனத்துக்கு. அரசே வசூலிக்கும் இடங்களில், மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. அங்கிருந்து மற்ற நெடுஞ்சாலைப் பணிகளுக்கும் போகிறது. புதிய சாலைகளுக்குப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால், பணம் கொடுப்பவர் போகும் சாலை சரியாக இருக்க வேண்டாமா?

கேரளாவில் நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. மண்ணுத்தி - இடப்பள்ளி சாலை மோசமாக இருந்ததாலும் நெரிசலாலும், பாலியக்கரை டோல்கேட் வசூலை 2025 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. அக்டோபரில்தான் வசூல் மீண்டும் தொடங்கியது.

ஒவ்வொரு ஊர்க்காரரும் இப்படிக் கோர்ட் படி ஏற முடியாது. சாலை பழுதானால் கட்டணம் தானாகக் குறையும்படி விதியே இருக்க வேண்டும். முதலீடு எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு, பராமரிப்புக்குச் செலவானது எவ்வளவு என்பதை டோல்கேட்டிலேயே பெரிய பலகையில் எழுதிவைக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஆண்டு பாஸ் சொந்தக் கார்களுக்குத்தான். காய்கறி ஏற்றிவரும் லாரிக்குக் கிடையாது. அந்தச் செலவு நம் வீட்டு மளிகைக் கணக்கிலும் ஏறுகிறது.

விதிகள் மாறும்வரை, இருக்கும் உரிமைகளையாவது தெரிந்துவைத்துக்கொள்ளலாம்:

• டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள், சொந்தக் காருக்குக் குறைந்த கட்டணத்தில் மாத பாஸ் வாங்கலாம்.

• ஃபாஸ்டேக் செல்லுபடியாகி, பணமும் இருந்து, அங்குள்ள கருவி வேலை செய்யாவிட்டால் கட்டணமின்றிப் போகலாம்.

• ஃபாஸ்டேக் இல்லையென்றால், யு.பி.ஐ-யில் கட்டினால் ஒன்றே கால் மடங்குதான்.

• புகாருக்கு 1033.