லயன் வீடும் இட்லிச் சட்டியும்

தோட்டத்துக் கல்யாண வீட்டில் இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் அடுப்படி. அவ்வளவுதான். பினாங்கு, ஈப்போ, ஜொகூர் என்று நாலு திசையிலிருந்தும் நாற்பது பேர் முதல் நாளே வந்து இறங்குவார்கள். இத்தனை பேரும் எங்கே படுப்பார்கள் என்று சிரம்பான் பக்கத்து லாபு தோட்டத்தில் சிறுவனாக இருந்தபோது அத்தையைக் கேட்டேன். மாவைக் கரண்டியில் மொண்டபடியே சொன்னார்: "இட்லி ஊத்துற மாதிரிதான்டா. எல்லா மாவையும் ஒரே குழியில ஊத்தினா வேகுமா?"

முழு ஏற்பாடும் அந்தப் பேச்சில் இருக்கிறது. இட்லிச் சட்டியில் அடியில் தண்ணீர், மேலே தட்டு, தட்டில் குழிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மூடி. கல்யாண வீட்டையே தட்டாக நினைத்து எல்லாரையும் அங்கே அடைத்தால் திணறல்தான். கல்யாண வீடு அடியில் கொதிக்கிற தண்ணீர். லயன்தான் தட்டு. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பத்து வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு ஒரு குழி. வீட்டுக்கு நாலு பேர் என்றால் நாற்பது பேரும் அடங்கிவிடுவார்கள்.

எந்தக் குழியில் யார் என்பதில்தான் கைப்பக்குவம். முட்டி வலிக்காரப் பாட்டிக்குக் குளியலறை பக்கத்திலேயே இருக்கிற வீடு. கைக்குழந்தைக்காரிக்கு, விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்புகிறவர் இல்லாத வீடு; இல்லாவிட்டால் அலாரம் அடிக்கும்போது குழந்தையும் எழுந்துவிடும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே வீட்டில் கூடாது, அடுத்தடுத்த வாசலும் கூடாது. இளவட்டங்களுக்குக் கோயில் மண்டபம் போதும். லாபு தோட்டத்தின் முதல் பிரிவுக்கும் நாலாம் பிரிவுக்கும் அந்தந்தப் பெயரிலேயே தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பள்ளி விடுமுறையில் கல்யாணம் வைத்தால், தலைமையாசிரியரிடம் கேட்டு, பெஞ்சுகளை ஓரங்கட்டிப் பாய் விரிக்கலாம்.

மாவு முக்கால் குழிக்குத்தான். பொங்கி வர இடம் வேண்டுமே! 'நாங்க நாலு பேர்தான்' என்று சொன்ன குடும்பம் ஏழு பேராக வந்து நிற்கும். அதற்காக ஒரு வீட்டையாவது காலியாக வைத்திருப்பார் அத்தை. எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதுமில்லை. இரயிலில் வருகிறவர்கள் பகலிலேயே வந்துவிடுவார்கள். 1995 முதல் ஓடும் கொமுட்டர், நீலாய்க்கும் தீரோய்க்கும் நடுவே லாபுவில் நின்று போகிறது. இது முதல் ஈடு. வேலை முடித்துக் காரில் கிளம்புகிறவர்கள் நள்ளிரவில் வரும் இரண்டாம் ஈடு. 1998-ல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு, வெளிநாட்டுச் சொந்தங்கள் விடியற்காலையில் வந்து இறங்குவது மூன்றாம் ஈடாகச் சேர்ந்துகொண்டது. 

இனி ஆவி. ஆவி என்பது சாப்பாடு. மூன்று வேளையும் கல்யாண வீட்டுப் பந்தலில்தான் இலை. தங்கவைத்த வீட்டுக்காரர் தருவது காலைக் கோப்பி மட்டும். அதற்கும் டின் பால், சீனி, கோப்பித்தூள், ரொட்டி எல்லாம் முதல் நாள் சாயங்காலமே கல்யாண வீட்டிலிருந்து போய்விட வேண்டும். இடம் கொடுத்தவரின் அரிசி டின்னில் கை வைக்கக் கூடாது என்பதில் அத்தை கண்டிப்பு. மூடி போட்டால்தான் ஆவி நிற்கும். ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் பத்து வீட்டில் பிரிந்து படுத்தவர்கள் ஒரே கூட்டமாகிறார்கள்.

சட்டி தீய்ந்துபோகிற இடம் வேறு. குளியலறை! வீட்டு ஆட்கள் ஐந்து, விருந்தாளி நாலு, ஆக ஒன்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே ஒன்றரை மணி நேரம். புடவை கட்ட, பூ வைக்க, பிள்ளைகளைக் கிளப்ப இன்னொரு மணி. ஏழரைக்கு முகூர்த்தமென்றால் ஐந்து மணிக்கு முதல் வாளி விழ வேண்டும். ராத்திரியே தொட்டியை நிரப்பாத வீட்டில் காலையில் சண்டை நிச்சயம்.

தட்டின்மேல் ஈரத்துணி போடுவார்களே, அதுபோல வீட்டுக்கு ஓர் ஆள். பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். விருந்தாளியை அழைத்துப்போய் விடுவது, கொசுவர்த்தி கொடுப்பது, காலையில் போய், "பசியாற வாங்க மாமா" என்று கூப்பிடுவது அவர்கள் வேலை. துணி இல்லாவிட்டால் மாவு தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிரம்பானிலும் நீலாயிலும் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கல்யாணமும் மண்டபத்துக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் பெரியப்பா குடும்பத்துக்கு ஹோட்டலில் அறை எடுத்தோம். ஏர்கான், சுடுதண்ணீர், மெத்தை என்று எல்லா வசதியும் இருந்தது. காலையில் போய்க் கூப்பிட மட்டும் ஆளில்லை. ஆளுக்கொரு வேலையில், அவர் போயிருப்பார், இவர் போயிருப்பார் என்று இருந்துவிட்டோம். அவர்களே கடை தேடி ரொட்டி சானாய் சாப்பிட்டு, நேரே தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, மொய் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. ஹோம்ஸ்டே எடுங்கள், ஹோட்டல் எடுங்கள். அந்தத் துணியை விட்டுவிடாதீர்கள். அறைக்கு ஒரு பிள்ளையை இப்போதே பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

வெந்த இட்லியை உடனே எடுத்தால் பிய்யும். துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஆறவிட்டு எடுக்க வேண்டும். தோட்டத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் யாரையும் அவசரப்படுத்த மாட்டார்கள். கட்டுச்சோறு, முறுக்கு, வெற்றிலை பாக்கோடுதான் வழியனுப்பு. பிறகு இரவல் வாங்கிய தோத்தோ மெத்தைகளைத் துவைத்துக் காயவைத்து மடிப்பார்கள். எல்லாமே ஒரே மாதிரி பூப்போட்டிருக்கும் என்பதால், மூலையில் வீட்டுக்கொரு நிறத்தில் நூல் தைத்திருப்பார் அத்தை. எங்களுடையது பச்சை.

கடைசியாக, இடம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டுப் பலகாரத்தோடு நடப்பார். அந்த வீட்டக்கா பலகாரத்தை எடுத்துக்கொண்டு, வெறுந்தட்டாகத் தரக் கூடாதென்று ஒரு பிடி சீனியைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்.